புற்றுக்கட்டிக்குள் நம் வெள்ளையணுக்கள் என்ன செய்கின்றன?

சிறுநீர்ப்பையின் உட்சுவரோடு நின்றுவிட்ட புற்றுநோய்க்கு, கட்டியைச் சுரண்டி எடுத்த சில வாரங்கள் கழித்துத் தரப்படும் சிகிச்சையைப் பார்த்தால், அது புற்றுநோய்க்கான சிகிச்சை என்றே தோன்றாது. மெல்லிய கதீட்டர் வழியாக 50 மில்லி லிட்டர் அளவுள்ள கலங்கிய திரவத்தைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்துவார்கள். நோயாளி இரண்டு மணி நேரம் சிறுநீரை அடக்கிக்கொண்டிருக்க வேண்டும். மருந்து எல்லாப் பக்கமும் படுவதற்காக, கால் மணி நேரத்துக்கு ஒருமுறை புரண்டு படுக்கச் சொல்லும் வழக்கமும் உண்டு. பிறகு தெறிக்காதபடி உட்கார்ந்தே கழித்துவிட்டு, கழிப்பறையில் பிளீச்சிங் திரவத்தை ஊற்றிப் பதினைந்து நிமிடம் பொறுத்துத்தான் தண்ணீர் விட வேண்டும். உள்ளே போய் வந்தது உயிருள்ள பாக்டீரியா என்பதால்தான் இவ்வளவு ஜாக்கிரதை. பிறந்த குழந்தையின் தோளில் போட்டதும் தழும்பு விழுகிற அதே பி.சி.ஜி.தான் அது.

பிரான்சின் லீல் நகரில் கால்மெட், கெரான் என்ற இருவர் 1908 முதல் 1921 வரை, மாட்டுக் காசநோய்க் கிருமியை 230 முறை மீண்டும் மீண்டும் வளர்த்து வீரியம் குறைத்து உண்டாக்கியது இந்தத் தடுப்பூசி. சென்னை கிண்டியில் 1948இல் நிறுவப்பட்ட பி.சி.ஜி. ஆய்வுக்கூடம் இந்தியக் குழந்தைகளுக்காக இதைத் தயாரித்தது. அதே தமிழ்நாட்டில், செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கி இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்ட பெரும் ஆய்வு, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை என்று உலகையே திகைக்க வைத்தது. குழந்தைகளுக்கு வரும் மூளைக் காசநோய் போன்ற கடுமையான வகைகளுக்கு எதிராக மட்டும் அதன் பெயர் நிலைத்தது. ஆனால் கனடாவின் கிங்ஸ்டன் நகரில் அல்வாரோ மொராலஸ் என்ற சிறுநீரக அறுவை மருத்துவர் 1976இல் ஒன்பது நோயாளிகளின் சிறுநீர்ப்பைக்குள் இதைச் செலுத்தி, புற்று திரும்ப வருவது குறைந்ததை வெளியிட்டார். 1990இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. அதன் பிறகு எத்தனையோ நவீன மருந்துகள் வந்துவிட்டன. மேலோட்டமான, ஆனால் ஆபத்து மிகுந்த சிறுநீர்ப்பைப் புற்றுக்கு இன்றும் முதலில் கை நீளுவது இந்த நூறு வயதுத் தடுப்பூசியை நோக்கித்தான்.

பி.சி.ஜி. புற்றுச் செல்லைக் கொல்லும் நஞ்சு என்று சொல்ல முடியாது. அது கூட்டத்தைக் கூட்டுகிறது. அப்படிக் கூடும் கூட்டத்தில் முன்வரிசையில் நிற்பவைதான் இந்தக் கட்டுரைக்கு உரியவை: பிறப்பிலேயே நம்மிடம் இருக்கும், எந்தக் கிருமியையும் முன்பின் பார்த்திராவிட்டாலும் சில மணி நேரத்தில் வேலையைத் தொடங்கிவிடும் இயல்பு நோயெதிர்ப்புச் செல்கள். நியூட்ரோஃபில், மேக்ரோஃபேஜ் எனப்படும் பெருவிழுங்கி, என்.கே. செல் எனப்படும் இயற்கைக் கொல்லி, டென்ட்ரைடிக் செல் ஆகிய நான்கும் இவற்றுள் முக்கியமானவை. குறிப்பிட்ட ஒரு பகைவனை மட்டும் அடையாளம் கண்டு, பல நாள் பெருகி, பிறகு தாக்கும் டி செல்களும், ஆன்டிபாடிகளைச் சுரக்கும் பி செல்களும் இன்னொரு வகை. 1882இல் சிசிலித் தீவின் மெசினாவில் இலியா மெச்னிகாஃப், ஒளி ஊடுருவும் நட்சத்திர மீன் குஞ்சுக்குள் ரோஜா முள்ளைக் குத்திவிட்டு, மறுநாள் காலை முள்ளைச் சுற்றி நடமாடும் செல்கள் மொய்த்திருந்ததைக் கண்டார். விழுங்கி அழிக்கும் செல்கள் என்ற கருத்து அங்கிருந்துதான் வளர்ந்தது. அதற்காக 1908இல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

முள்ளைக் குத்தினால் செல்கள் எதற்கு வருகின்றன? கிருமி வந்தால் அழிக்கவும், கிழிந்ததைத் தைக்கவும். காவலாளி வேலையும் கொத்தனார் வேலையும் ஒரே ஆளிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கின்றன என்பதைப் பிடித்துக்கொண்டால், புற்றுநோயில் இந்தச் செல்களின் நடத்தையில் பாதி விளங்கிவிடும். நோயெதிர்ப்பு என்றாலே போர்க்களம், படைவீரர், எதிரி என்று எழுதிப் பழகிவிட்ட நமக்கு, இந்தக் கொத்தனார் பாதி கண்ணில் படுவதே இல்லை.

முதலில் காவலாளி வேலையைச் சிறுநீர்ப்பைக்குள் பார்ப்போம். பி.சி.ஜி. கிருமிகள் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, அங்குள்ள செல்களாலும் பெருவிழுங்கிகளாலும் உள்ளே இழுக்கப்படுகின்றன. பெருவிழுங்கியின் மேற்பரப்பில் கிருமிகளின் பொதுவான கட்டுமானப் பொருள்களை உணரும் டோல் வகை உணர்விகள் உண்டு. அவை தூண்டப்பட்டதும் செல் அபாயச் செய்திகளை வெளியிடுகிறது. சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில்கள் ரத்தக் குழாயிலிருந்து கசிந்து வந்து குவிகின்றன. அன்றைய சிறுநீரைப் பரிசோதித்தால் வெள்ளையணுக்கள் திரளாகத் தெரியும். அவை புற்றுச் செல்களைத் தற்கொலைக்குத் தூண்டும் டிரெய்ல் என்ற புரதத்தையும் வெளியிடுகின்றன. தொடர்ந்து பெருவிழுங்கிகளும் என்.கே. செல்களும், வாரங்கள் செல்லச் செல்ல டி செல்களும் வந்து சேர்கின்றன. எலிகளில் நியூட்ரோஃபில்களை நீக்கிப் பார்த்தார்கள், சிகிச்சை பலிக்கவில்லை. என்.கே. செல்கள் இல்லாத எலிகளிலும் பலிக்கவில்லை. டி செல்கள் இல்லாதவற்றிலும் அப்படியே. நோயாளிக்குச் சிறுநீர் கழிக்கையில் எரிச்சலும், மாலையில் லேசான காய்ச்சலும் வருவதற்குக் காரணம் இந்தக் கூட்டம்தான். ஆறு வாரம், வாரம் ஒரு தடவை என்று கணக்கு வைத்திருப்பதற்கும், பிறகு மாதக்கணக்கில் இடைவெளி விட்டுத் தொடர்வதற்கும் காரணம், அணையப் பார்க்கும் நெருப்பை ஊதி ஊதி வைத்திருப்பது.

இதில் இன்னொரு வியப்பு பின்னாளில்தான் தெரிந்தது. நினைவு என்பது டி, பி செல்களுக்கு மட்டுமே உரியது என்பது பாடப்புத்தக விதி. நெதர்லாந்தின் நைமேகன் நகரில் மிஹாய் நெட்டேயாவின் குழு, பி.சி.ஜி. போட்டுக்கொண்டவர்களின் மோனோசைட்டுகளை (ரத்தத்தில் சுற்றும், திசுவுக்குள் போனால் பெருவிழுங்கியாக மாறக்கூடிய வெள்ளையணுக்களை) மூன்று மாதம் கழித்து எடுத்து, காசநோய்க்குச் சம்பந்தமே இல்லாத கிருமிகளோடு சேர்த்துப் பார்த்தபோதும் அவை முன்பைவிட ஓங்கி எதிர்வினை காட்டின. மரபணுக்களின் எழுத்து மாறவில்லை. எந்தப் பக்கம் திறந்திருக்க வேண்டும், எது மூடியிருக்க வேண்டும் என்ற அடையாளங்கள் மாறியிருந்தன. பயிற்சி பெற்ற நோயெதிர்ப்பு என்று இதற்குப் பெயர் வைத்தார்கள்.

இனி கொத்தனார் வேலை. புற்றுக்கட்டிகளுக்குள் வெள்ளையணுக்கள் இருப்பதை ஜெர்மனியின் ருடால்ஃப் ஃபிர்க்கோ 1863இலேயே கண்டு, நாள்பட்ட அழற்சி உள்ள இடத்தில் புற்று தோன்றுகிறது என்று எழுதினார். அந்த எண்ணம் நூறாண்டுக்கு மேல் ஓரமாகக் கிடந்தது. 1986இல் பாஸ்டனைச் சேர்ந்த ஹரால்ட் ட்வோராக், புற்றுக்கட்டியை ஆறாத காயம் என்று வர்ணித்தார். காயத்தில் முதலில் அழற்சி, அடுத்துப் புதிய ரத்தக் குழாய்கள், பிறகு புதிய திசு, கடைசியில் ஓய்வு என்று ஒழுங்கு உண்டு. கட்டியில் அந்தக் கடைசிக் கட்டம் வருவதே இல்லை. வேலை முடிந்தது என்று யாரும் சொல்லாததால், கொத்தனார்கள் சுவரை எழுப்பிக்கொண்டே போகிறார்கள்.

அவ்வாறு எழுப்புவதில் தலைமை பெருவிழுங்கிகளுடையது. சில மார்பகப் புற்றுக்கட்டிகளில் கட்டியின் எடையில் பாதி அளவுக்குக்கூட அவை நிறைந்திருப்பதுண்டு. கட்டி தன்னைச் சுற்றிலும் சி.எஸ்.எஃப்-1 என்ற வளர்ச்சிப் புரதத்தைச் சுரந்து அவற்றை வரவழைக்கிறது. வந்தவை ஆக்சிஜன் குறைந்த பகுதியில் புதிய ரத்தக் குழாய்களுக்கு வழி செய்கின்றன. செல்களைப் பிணைத்திருக்கும் நார்களை அறுக்கின்றன. டி செல்களை அடக்கும் பொருள்களைச் சுரக்கின்றன. நியூயார்க்கில் ஜெஃப்ரி பொல்லார்டின் குழு 2001இல் வெளியிட்ட சோதனையில், சி.எஸ்.எஃப்-1 இல்லாத எலிகளிலும் மார்பகக் கட்டி தோன்றத்தான் செய்தது. ஆனால் அது சுற்றிலும் ஊடுருவுவதும் நுரையீரலுக்குப் பரவுவதும் மிகவும் தாமதப்பட்டன. உயிருள்ள எலியின் கட்டியை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் இன்னும் துல்லியமாகக் காட்டினார்கள். புற்றுச் செல் சி.எஸ்.எஃப்-1 கொடுக்கிறது, பெருவிழுங்கி பதிலுக்கு இ.ஜி.எஃப் என்ற வளர்ச்சிப் புரதத்தைக் கொடுக்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலோடு இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக நார்களின் மேல் ஊர்ந்து ரத்தக் குழாயை அடைகின்றன. அங்கே பெருவிழுங்கி குழாய்ச் சுவரைத் தளர்த்த, புற்றுச் செல் உள்ளே நழுவுகிறது.

கட்டி உருவான பிறகு நடப்பது இது. உருவாவதற்கு முன்பே இந்தச் செல்களுக்குப் பங்கு உண்டா என்ற கேள்விக்கு, எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு விடை வந்தது. மாரடைப்பு கண்டவர்களுக்கு அழற்சியைக் குறைத்தால் இதயம் பிழைக்குமா என்று பார்க்க, பால் ரிட்கர் தலைமையில் 10,061 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. பெருவிழுங்கிகள் சுரக்கும் ஐ.எல்.-1 பீட்டா என்ற அழற்சிப் புரதத்தை மட்டும் மறிக்கும் கனாகினுமாப் என்ற மருந்து தரப்பட்டது. 2017இல் முடிவு வெளிவந்தபோது, அதிக அளவு மருந்து பெற்ற குழுவில் புதிதாகக் கண்டறியப்பட்ட நுரையீரல் புற்று, வெற்று ஊசி பெற்றவர்களோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. இதயத்துக்காகத் திட்டமிட்ட ஆய்வில் தற்செயலாகத் தெரிந்த முடிவு என்பதால் அப்படியே நம்பிவிடக் கூடாது. அந்த எச்சரிக்கை சரியானதே என்று பின்னர் புரிந்தது: ஏற்கெனவே நுரையீரல் புற்று வந்துவிட்டவர்களுக்கு இதே மருந்தைக் கொடுத்துப் பார்த்த சோதனைகள் தோற்றன. தவிர, மருந்து பெற்றவர்களிடையே உயிர் குடிக்கும் தொற்றுகளும் சற்றுக் கூடியிருந்தன.

இந்த முரணை லண்டனில் சார்லஸ் ஸ்வான்டனின் குழு 2023இல் வெளியிட்ட ஆய்வு ஓரளவு தெளிவாக்குகிறது என்பது என் கருத்து. புற்று இல்லாத நுரையீரல் திசு மாதிரிகளைத் துருவி ஆராய்ந்ததில், 18 சதவீத மாதிரிகளில் இ.ஜி.எஃப்.ஆர். மரபணுவிலும், 53 சதவீத மாதிரிகளில் கே.ராஸ் மரபணுவிலும் புற்றுக்குக் காரணமான மாற்றங்கள் ஏற்கெனவே இருந்தன. வயதாக வயதாகத் தானாகவே சேரும் பிழைகள் இவை. பெரும்பாலும் எதுவும் செய்யாமல் கிடக்கின்றன. வண்டிப் புகையிலும் ஆலைப் புகையிலும் இருக்கும் 2.5 மைக்ரான் அளவுள்ள நுண்துகள்கள் எலியின் நுரையீரலுக்குள் போனபோது, அவற்றைப் பெருவிழுங்கிகள் விழுங்கின. துகளைச் செரிக்க முடியாத அவை ஐ.எல்.-1 பீட்டாவைச் சுரந்தன. அதைக் கேட்டு, தூங்கிக் கிடந்த பிழையுள்ள செல்கள் பெருகத் தொடங்கின. அந்தச் சுரப்பை மறித்தபோது கட்டிகள் குறைந்தன. ஆக, விதை முன்பே இருந்தது, துகள் அந்த விதையை உண்டாக்கவில்லை. பெருவிழுங்கியின் பழுதுபார்க்கும் பதற்றம்தான் அதற்குத் தண்ணீர் ஊற்றியது. புகைபிடிக்காதவர்களுக்கு நுரையீரல் புற்று வருவது குறித்துக் குழம்பிக்கொண்டிருந்த துறைக்கு இது பெரிய வெளிச்சம். முளைக்கும் முன் மறித்தால் பலன், மரமான பிறகு மறித்தால் இல்லை என்று இரண்டு செய்திகளையும் சேர்த்துப் படிக்கலாம். நிரூபணம் என்று சொல்ல இன்னும் மனிதச் சோதனைகள் வேண்டும்.

நியூட்ரோஃபில்களிடமும் இதே போக்கு. ஒரு பெரியவரின் எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்குச் சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்களை உற்பத்தி செய்கிறது. கிருமியைச் சிக்க வைக்கத் தம் டி.என்.ஏ.வையே வலையாக வீசி எறியும் பழக்கம் இவற்றுக்கு உண்டு என்பது 2004இல் தெரியவந்தது. எலிகளின் நுரையீரலில் உறங்கிக் கிடந்த மார்பகப் புற்றுச் செல்களை, புகையிலைப் புகையால் உண்டான அழற்சி எழுப்பிவிட்டதை 2018இல் மிக்கலா எகெப்ளாடின் குழு காட்டியது. வலையில் ஒட்டியிருந்த நொதிகள் அருகிலிருந்த லாமினின் என்ற புரதத்தை வெட்டின. வெட்டுப்பட்ட முனை, பக்கத்திலிருந்த புற்றுச் செல்லுக்கு எழுந்திருக்கும் சமிக்ஞையாகிவிட்டது. சிகிச்சை முடிந்து பல ஆண்டு கழித்து நோய் திரும்பும் புதிருக்கு இது ஒரு கோணம். வழக்கமான ரத்தப் பரிசோதனைத் தாளிலும் இதன் நிழல் உண்டு: லிம்போசைட்டுகளோடு (டி, பி, என்.கே. செல்கள் அடங்கிய வெள்ளையணு வகையோடு) ஒப்பிட்டால் நியூட்ரோஃபில்கள் மிகுந்திருக்கும் நோயாளிகளுக்குப் பல வகைப் புற்றுகளில் போக்கு மோசமாக இருப்பது மீண்டும் மீண்டும் பதிவாகியுள்ளது. மாத்திரை டப்பாக்களிலும் கஷாயப் பாக்கெட்டுகளிலும் நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று அச்சடிப்பவர்கள், எந்தச் செல்லை, எந்த இடத்தில், எந்தப் பக்கமாகக் கூட்டப் போகிறார்கள் என்று சொன்னால் நன்றாயிருக்கும்.

என்.கே. செல்கள் இந்தக் கூட்டத்தில் தனி ரகம். அவற்றிடம் கொத்தனார் வேலை குறைவு, கொல்லும் வேலை அதிகம். முன்னறிமுகம் இல்லாமலே புற்றுச் செல்களைக் கொல்லும் லிம்போசைட்டுகள் உண்டு என்று 1975இல் ஸ்வீடனில் ரோல்ஃப் கீஸ்லிங்கும் அவரது சகாக்களும், அமெரிக்காவில் ரொனால்ட் ஹெர்பர்மேனும் தனித்தனியே காட்டினர். எதை வைத்து அடையாளம் காண்கின்றன என்பதற்கு விடை கண்டவர் கிளாஸ் கேரே. உடலின் ஏறத்தாழ ஒவ்வொரு செல்லும் தன் மேற்பரப்பில் எம்.ஹெச்.சி. முதல் வகைப் புரதத்தை அடையாள அட்டை போலக் காட்டிக்கொண்டிருக்கிறது. டி செல் அந்த அட்டையில் எழுதியிருப்பதைப் படித்துத்தான் தாக்கும். எனவே டி செல்லிடமிருந்து தப்ப விரும்பும் புற்றுச் செல் அட்டையையே மறைத்துவிடுகிறது. என்.கே. செல்லோ அட்டை இல்லாதவனைத்தான் தேடுகிறது. இருக்க வேண்டியது இல்லை என்பதே அதற்குக் குற்றம். பெர்ஃபோரின் என்ற புரதத்தால் துளையிட்டு, கிரான்சைம் நொதிகளை உள்ளே செலுத்தி ஆளை முடிக்கிறது. ஜப்பானின் சைட்டாமாவில் 3,625 பேரைப் பதினோரு ஆண்டு தொடர்ந்து கவனித்து 2000இல் வெளியிட்ட ஆய்வில், ரத்தத்திலுள்ள இத்தகைய செல்களின் கொல்லும் திறன் குறைவாக இருந்தவர்களுக்குப் புற்று வருவது அதிகமாக இருந்தது. ஆனால் கெட்டியான கட்டிகளுக்குள் இவை எளிதில் நுழைவதில்லை. நுழைந்தாலும் அங்குள்ள சுரப்புகளால் சோர்ந்துபோகின்றன. ரத்தப் புற்றுகளில் இவற்றின் கை ஓங்கியிருப்பதற்கு இது ஒரு காரணம்.

அதனால்தான் முதல் நம்பிக்கையும் ரத்தப் புற்றில் பிறந்தது. டெக்சாஸில் கேட்டி ரெஸ்வானியின் குழு, தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து எடுத்த என்.கே. செல்களுக்குப் புற்றுச் செல்லை இனம்காணும் செயற்கை உணர்வியைப் பொருத்தி, வேறு சிகிச்சை பலிக்காத 11 பேருக்குச் செலுத்தியது. 2020இல் வெளியான முடிவின்படி 8 பேருக்குப் பலன் தெரிந்தது. டி செல்களை இவ்வாறு மாற்றிச் செலுத்தும்போது வரும் கடுமையான அழற்சிப் புயல் எவருக்கும் வரவில்லை. நோயாளியின் சொந்தச் செல்தான் வேண்டும் என்ற கட்டாயமில்லை என்பது செலவைக் குறைக்கும் வாய்ப்பாகவும் பார்க்கப்படுகிறது. பதினோரு பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான்.

உண்மையில், இயல்பு நோயெதிர்ப்புச் செல்களைக் கொண்டு நடக்கும் சிகிச்சை பலருக்கும் தெரியாமலே பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. நிணநீர்ப் புற்றுக்கான ரிட்டுக்ஸிமாப் 1997இலும், மார்பகப் புற்றின் ஒரு வகைக்கான டிராஸ்டுஸுமாப் 1998இலும் அனுமதி பெற்றன. இந்த ஆன்டிபாடிகளின் ஒரு முனை புற்றுச் செல்லைப் பற்றுகிறது, அடிமுனையைப் பெருவிழுங்கியும் என்.கே. செல்லும் பற்றிக்கொள்கின்றன. அந்த அடிமுனையைப் பற்றும் உணர்வி இல்லாத எலிகளில் இரண்டு மருந்துகளின் ஆற்றலும் பெருமளவு போய்விட்டதை 2000இல் ஜெஃப்ரி ரவெட்ச் குழு காட்டியது.

தோல்விகளையும் சொல்ல வேண்டும். பெருவிழுங்கிகளை வரவழைக்கும் சி.எஸ்.எஃப்-1 பாதையை அடைத்தால் கட்டி வாடிவிடும் என்று எதிர்பார்த்தார்கள். மூட்டு உறையில் வரும் அரிய வகைக் கட்டிக்கு, அதன் பெரும்பகுதியே அவ்வாறு வரவழைக்கப்பட்ட செல்களாக இருப்பதால், பெக்ஸிடார்டினிப் 2019இல் அனுமதி பெற்றது. பொதுவான கெட்டிக் கட்டிகளில் இந்த வழி ஏமாற்றமே தந்தது. அடுத்தது சி.டி. 47. இந்தப் புரதத்தை மேலே பூசிக்கொள்ளும் செல்லைப் பெருவிழுங்கி விழுங்காது. புற்றுச் செல்கள் இதை அள்ளிப் பூசிக்கொள்கின்றன என்று ஸ்டான்ஃபோர்டில் இர்விங் வெய்ஸ்மேன் குழு கண்டதும், அதை மறைக்கும் மக்ரோலிமாப் மீது பெரும் எதிர்பார்ப்பு எழுந்தது. ஆனால் நம் சிவப்பணுக்களும் அதே புரதத்தைப் பூசிக்கொண்டுதான் ரத்தத்தில் பிழைத்திருக்கின்றன. மருந்தோடு ரத்தசோகையும் வந்தது. எலும்பு மஜ்ஜைக் கோளாறுக்கான இதன் மூன்றாம் கட்டச் சோதனை, பலன் தேறாது என்று 2023இல் நிறுத்தப்பட்டது. விழுங்காதே என்ற தடையை நீக்கினால் மட்டும் போதாது, விழுங்கு என்ற தூண்டுதலும் வேண்டும் என்று இப்போது இரண்டையும் சேர்த்து முயல்கிறார்கள்.

டென்ட்ரைடிக் செல் கொல்வதில்லை; செத்த புற்றுச் செல்லின் துண்டுகளை நிணநீர்க் கணுவுக்குத் தூக்கிப்போய் டி செல்லிடம் காட்டுவதே அதன் வேலை. 1973இல் அதை விவரித்த ரால்ஃப் ஸ்டைன்மேன், கணையப் புற்று வந்தபோது அந்தச் செல்களால் ஆன தடுப்பூசிகளைத் தன் மீதே முயன்றார். 2011இல் நோபல் அறிவிப்பு வெளியானபோது அவர் இறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. இந்த வழியில் 2010இல் அனுமதி பெற்ற புராஸ்டேட் புற்றுக்கான சிபுலூசெல்-டி, ஆயுளைச் சராசரியாக நான்கு மாதம் நீட்டியது.

சிறுநீர்ப்பைக்கே திரும்புவோம். பி.சி.ஜி. பெறுபவர்களில் கணிசமானோருக்கு அது பலிக்காமல் போகிறது, அல்லது பலித்த பின் நோய் திரும்புகிறது. அப்போது சிறுநீர்ப்பையையே எடுத்துவிடுமாறு சொல்வதுதான் நெடுங்கால வழக்கம். 2024 ஏப்ரலில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அங்க்டிவா என்ற மருந்து, ஐ.எல்.-15 என்ற சுரப்பின் வலுவூட்டிய வடிவம்; என்.கே. செல்களையும் டி செல்களையும் எழுப்பிப் பெருக்குவது அதன் வேலை. பி.சி.ஜி. பலிக்காத, உட்சுவரோடு நின்ற புற்று உள்ள 77 பேரில் 62 சதவீதத்தினருக்குப் புற்று முழுமையாக மறைந்தது. இந்த மருந்தைத் தனியாகக் கொடுப்பதில்லை. பலிக்காமல் போன அதே பி.சி.ஜி.யுடன் உப்புநீரில் கலந்து, அதே கதீட்டர் வழியாக, அதே வாரம் ஒருமுறை என்ற கணக்கில் ஆறு வாரம் செலுத்துகிறார்கள்.